பிளஸ் டூ வகுப்பின் கேலி விடைபெறல்: முதல்முறை நடத்துவோருக்கு

பிரிவு உபசார விழா என்றால், பதினோராம் வகுப்பினர் கேக் வாங்கி வைத்து, பன்னிரண்டாம் வகுப்பினருக்கு ஆளுக்கொரு பேனா கொடுத்து, தலைமையாசிரியர் அறிவுரை சொல்லி முடித்துவைப்பது என்றுதான் பெரும்பாலான பள்ளிகளில் வழக்கம். அது நடக்கட்டும். இந்தக் கட்டுரை அதற்குப் பிறகு வரும் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றியது. போகிற வகுப்பு தன்னையும் தன் ஆசிரியர்களையும் கிண்டல் செய்துகொண்டே விடைபெறும் நேரம் அது. ஒருவருக்கொருவர் பட்டம் சூட்டுவது, ஆசிரியர்களைப் பழிப்பதுபோலப் புகழ்வது, பெஞ்சையும் மின்விசிறியையும் அடுத்த வகுப்புக்கு உயில் எழுதிவைப்பது, மொய் நோட்டு போடுவது ஆகிய நான்கும் அதில் அடங்கும். கொங்குப் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்த காலத்தில் பல ஆண்டுகள் நடத்திப் பார்த்தும், ஓரிரு முறை கெடுத்தும் நான் கற்றுக்கொண்டதை, முதல்முறையாகப் பொறுப்பேற்கும் வகுப்புத் தலைவர்களுக்கும், வெளி மாவட்டத்திலிருந்து மாறுதலாகி இங்கே வந்திருக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் பயன்படும்படி எழுதுகிறேன்.

நாளும் நேரமும் அனுமதியும்

பொதுத்தேர்வு மார்ச் முதல் வாரத்தில் தொடங்கிவிடுகிறது. 2024இல் மார்ச் 1 அன்றும், 2025இல் மார்ச் 3 அன்றும் தொடங்கியது. அதற்கு முன் பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. ஆகவே உங்களுக்குக் கிடைப்பவை இரண்டு இடைவெளிகள்: ஜனவரியின் கடைசி வாரம், அல்லது செய்முறைத் தேர்வு முடிந்த மறுநாள். நான் பின்னதையே பரிந்துரைப்பேன். வெளித்தேர்வாளர் வந்து போன பிறகு பிள்ளைகளின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கும். அதோடு, கேலி செய்தால் அகமதிப்பீட்டுப் பத்து மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார்களோ என்ற பயமும் அதற்குள் ஓய்ந்திருக்கும். அந்தப் பயம் ஆதாரமற்றதுதான், ஆனாலும் எல்லா வகுப்பிலும் இருக்கிறது. சில தனியார் பள்ளிகளில் செய்முறைத் தேர்வு முடிந்ததும் படிப்பு விடுப்பு விட்டுவிடுவார்கள். அங்கே ஜனவரியைத் தவிர வேறு வழியில்லை.

எந்த நாளாக இருந்தாலும், தைப்பூசத்துக்கு முன்பின் நான்கு நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். பழனிக்குக் காவடி எடுத்து நடப்பவர்கள், சென்னிமலைக்கோ சிவன்மலைக்கோ தேர் பார்க்கப் போகிறவர்கள், ஒறம்பரை வந்துவிட்டதால் வீட்டில் நின்றுவிட்டவர்கள் என்று வகுப்பில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள். வெளி மாவட்டத்து ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன்: ஒறம்பரை என்றால் விருந்தாக வந்திருக்கும் உறவுக்காரர்கள். இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

மதிய உணவுக்குப் பின் தொடங்கி மூன்றரை மணிக்குள் முடித்துவிட வேண்டும். நான்கரை மணி டவுன் பஸ்ஸை விட்டால் ஆறரைக்குத்தான் அடுத்தது என்ற நிலையில் உள்ள ஊர்களிலிருந்து பெண் பிள்ளைகள் வருகிறார்கள். நிகழ்ச்சி களைகட்டியிருக்கும்போது அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நழுவுவதைப் பார்த்தால், மேடையில் நிற்பவருக்கும் கை கால் ஓடாது.

அனுமதிக்குத் தலைமையாசிரியரிடம் ஒரு பக்கத் தாளோடு போங்கள். என்னென்ன நடக்கும், யார் பேசுவார்கள், வெளியாள் யாரும் வரமாட்டார்கள், ஒலிபெருக்கி வகுப்பறைக்குள் மட்டும், எழுதிய அனைத்தையும் வகுப்பாசிரியர் முன்கூட்டியே படித்துப் பார்த்திருப்பார் என்ற ஐந்தும் அதில் இருந்தால் போதும். கடைசியாகச் சொன்னதைப் படித்ததும் பெரும்பாலான தலைமையாசிரியர்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

மூன்று வாரம் கவனித்தல்

எழுத உட்காருவதற்கு முன் மூன்று வாரமாவது பொருள் சேர்க்க வேண்டும். இதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். விழாவுக்கு முந்தின நாள் இரவு நான்கு பேர் உட்கார்ந்து யோசித்தால், எந்த வகுப்புக்கும் பொருந்துகிற நகைச்சுவைதான் வரும்: தூங்குமூஞ்சி, வாயாடி, படிப்பாளி. பக்கத்துப் பிரிவில் வாசித்தாலும் சிரிப்பார்கள் என்றால் அது உங்கள் வகுப்பின் நகைச்சுவை அல்ல. உங்கள் வகுப்பில் நாற்பது பேருக்கு மட்டும் புரிந்து, தலைமையாசிரியர் பக்கத்தில் இருப்பவரிடம் "என்னங்க அது?" என்று கேட்க நேர்ந்தால், அதுதான் சரியானது.

ஐந்து பேர் கொண்ட எழுத்துக் குழு அமைக்கவும். ஆண், பெண் இருபாலரும், முன்பெஞ்சும் பின்பெஞ்சும், விடுதியில் தங்கியிருப்பவர் ஒருவரும் பஸ்ஸில் வருபவர் ஒருவரும் அதில் இருப்பது நல்லது. ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பாதிக் கதைகள் வகுப்பறையில் நடப்பதில்லை. இரவுப் படிப்பு நேரத்திலும் குளியலறை வரிசையிலும்தான் நடக்கின்றன. பஸ்ஸில் வருபவரிடம் வேறு வகைச் செய்தி இருக்கும். குழுவில் ஒருவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொடுத்து, ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிவிடுங்கள். ஒருவர் அடிக்கடி சொல்லும் சொற்றொடர், எப்போதும் செய்யும் சிறு காரியம், அவருக்கு மட்டுமே நடந்த சம்பவம் என்ற மூன்றை மட்டும் அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். ஆள் எப்படி இருக்கிறார் என்பதை எழுதக்கூடாது.

பட்டம் சூட்டுதல்

தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. சங்கப் புலவர்களில் சிலருடைய இயற்பெயர் தெரியாமல் போனதால், அவர்கள் பாட்டில் வந்த ஓர் அருமையான தொடரையே அவர்களுக்குப் பெயராக்கிவிட்டார்கள். செம்புலத்தில் பெய்த நீரைப் பாடியவர் செம்புலப்பெயனீரார். அணில் விளையாடும் முற்றத்தைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். குப்பைமேட்டில் சண்டையிடும் கோழிகளைப் பாடியவர் குப்பைக் கோழியார். மூவரும் குறுந்தொகைப் புலவர்கள். இவர்களில் ஒருவருடைய உயரமோ நிறமோ நமக்குத் தெரியாது. சொன்ன சொல் மட்டும் நிற்கிறது. வகுப்புப் பட்டமும் அப்படித்தான், ஆளின் வாயிலிருந்தோ கையிலிருந்தோ பிறக்க வேண்டும்.

நாங்கள் ஒரு வருடம் இந்த முறையிலேயே முழு வகுப்புக்கும் பெயர் வைத்தோம். எந்தப் பாடம் நடத்தினாலும் "இது பரீட்சைக்கு வருமுங்களா?" என்று கேட்ட மாணவர் வருமுங்களா கிழார் ஆனார். யார் கேட்டாலும் பேனா கொடுத்து, மூடியைத் தானே வைத்துக்கொண்டு, கடைசியில் மூடிகள் மட்டும் மிஞ்சியவர் பேனாமூடியார். தினமும் இரண்டாவது மணி அடிக்கும்போதே வாசலில் செருப்பைக் கழற்றியவர் இரண்டாம் மணியார். மூன்றாவது பீரியடிலேயே தூக்குப்போசியைத் திறந்து, கொள்ளுப்பருப்பு வாசத்தை வகுப்பு முழுவதும் பரவவிட்ட மாணவிக்குப் போசி திறந்த பொழுதினார் என்று பெயர். போசி என்பது இந்தப் பக்கத்துப் பாத்திரப் பெயர் என்பதால் அந்தப் பட்டத்துக்குக் கூடுதல் கைதட்டல். "ஆர்" விகுதி சேர்ந்தவுடன் கிண்டலுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

எதைத் தொடக்கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. உடம்பு, நிறம், திக்குவாய், சாதி, ஊரின் எந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறார் என்பது, பெற்றோரின் தொழில், மதிப்பெண், யாரையும் யாரோடும் சேர்த்துவைத்துப் பேசுவது ஆகிய எதுவும் வேண்டாம். கடைசியில் சொன்னதுதான் பிள்ளைகளுக்கு அதிகம் சிரிப்பூட்டும், அதுதான் வீடுவரை போய்ச் சண்டையாகவும் முடியும்.

இவற்றில் எதிலும் சேராத ஒன்றினாலும் தவறு நேரலாம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், தை மாதம் முழுவதும் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வந்த ஒரு மாணவனுக்குச் "சிறப்பு விருந்தினர்" என்று பட்டம் எழுதியிருந்தார்கள். நானும் படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு அனுமதித்தேன். மேடைக்கு அழைத்து, காகிதத்தில் செய்த பேட்ஜ் குத்தி, சால்வை என்று ஒரு துண்டும் போர்த்தினார்கள். அவனும் சிரித்தான். பேட்ஜ் குத்தும்போது அவன் சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டதை நான் அருகிலிருந்து பார்த்தேன். நகக்கண்கள் எல்லாம் மஞ்சள். அம்மாவோடு மஞ்சள் வெட்டவும் வேகவைக்கவும் கூலிக்குப் போயிருக்கிறான். குரூப் போட்டோவுக்கு அவனைத் தேடியபோது சைக்கிள் ஸ்டாண்டில் அவன் சைக்கிள் இல்லை. அன்றிலிருந்து, ஒருவருடைய வருகையையோ தாமதத்தையோ வைத்துப் பட்டம் எழுதினால், காரணம் என்ன என்று முதலில் தனியாக விசாரிக்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டேன். இரண்டாம் மணியாரிடமும் கேட்டோம். அவர் வீட்டுக்கு எதிரிலேயே பஸ் நிற்கும், எழுந்திருக்கத்தான் சோம்பல் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

ஆகவே நடைமுறை இது: விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, ஒவ்வொருவரிடமும் அவருடைய பட்டத்தை மட்டும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். வேண்டாம் என்றால் சீட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். காரணம் கேட்கக்கூடாது, வற்புறுத்தக்கூடாது, வேறு பெயர் எழுதித் தர வேண்டும். ஆச்சரியம் போய்விடுமே என்பார்கள். தன் பட்டம் தெரிந்தாலும் மற்றவர்களுடையது தெரியாதல்லவா? ஒருவர்கூடப் பட்டமில்லாமல் விடுபடக்கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். வகுப்பில் அதிகம் பேசாத இரண்டு மூன்று பேருக்கு எழுதுவதுதான் கடினம், அவர்களுக்கு முதலில் எழுதிவிடுங்கள்.

ஆசிரியர்களைக் கேலி செய்தல்

பத்தாம் வகுப்பிலிருந்தே வஞ்சப்புகழ்ச்சி அணியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறீர்கள்; அதைப் பயன்படுத்தும் நாள் இதுதான். புகழ்வதுபோல இகழ்வதும், இகழ்வதுபோலப் புகழ்வதும் அந்த அணியின் இரண்டு வகைகள். கயவரும் தேவரைப் போன்றவர், ஏனென்றால் இருவரும் விரும்பியதைச் செய்பவர்கள் என்ற 1073ஆவது குறள் முதல் வகை. ஆசிரியர்களுக்கு இரண்டாவது வகையை மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில் குற்றச்சாட்டு, முடிவில் நன்றி. ஒரு மாணவி எழுதி வாசித்ததை நினைவிலிருந்து தருகிறேன்:

"எங்கள் கணக்கு ஆசிரியரைப் போலக் கொடியவரை நாங்கள் கண்டதில்லை. முதலில் உடற்கல்வி வகுப்பைப் பறித்தார். அது போதாதென்று காலை எட்டு மணிக்கே வரச் சொன்னார். அதுவும் போதாதென்று, சாப்பிடாமல் வந்தவர்களுக்குத் தன் காசில் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்து, பசிக்குது சார் என்று சொல்லித் தப்பிக்க இருந்த ஒரே வழியையும் அடைத்தார்."

இதில் ஒரு நன்றிச் சொல்கூட இல்லை என்பதையும், ஆனால் அந்த ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "தாங்கள் ஏணியாக இருந்து எங்களை ஏற்றிவிட்டீர்கள்" என்று எழுதுவதைவிட, தேங்காய் பன்னை எழுதுவது மேல். ஏணி, மெழுகுவர்த்தி, கலங்கரை விளக்கம் மூன்றையும் குழு முதல் நாளே தடை செய்துவிடலாம்.

பேசிக்காட்டுவதற்கு முன் அந்த ஆசிரியரிடமே கேட்டுவிடுங்கள். ஒரு வருடம் வகுப்புத் தலைவி தயங்கித் தயங்கி, "டீச்சர், அன்னைக்கு உங்களையும் கொஞ்சம் ஓட்டிக்கலாமுங்களா?" என்று கேட்க, உயிரியல் ஆசிரியை, "ஓட்டுங்க கண்ணு. ஆனா நான் சாக்பீஸ் எறியறத மட்டும் கொஞ்சம் கொறச்சுக் காட்டுங்க, எச்எம் பாத்தா வம்பு" என்றார். கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும். ஆசிரியர் சொல்லும் வழக்கமான வாக்கியத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் காட்டலாம். நடையையும், உடல் குறையையும், உடையையும் காட்டக்கூடாது. மாணவிகள் ஆசிரியரையும் மாணவர்கள் ஆசிரியையையும் நடிப்பதில் தவறில்லை, ஆனால் முந்தானை போட்டுக்கொண்டு ஆடுவது வேண்டாம். ஒருவருக்கு இரண்டு நிமிடம் போதும்.

வெளி மாவட்டத்து ஆசிரியர்கள் இதில் தனிப் பொக்கிஷம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஆசிரியை ஒருவர், சேர்ந்த முதல் மாதத்தில், "ஒறம்பரை வந்திருப்பதால் இரண்டு நாள் விடுப்பு வேண்டும்" என்ற கடிதத்தை ஆசிரியர் அறையில் காட்டி, இந்த ஊரில் இந்தச் சீக்கு எத்தனை நாளில் சரியாகும் என்று அக்கறையோடு விசாரித்தார். செய்தி எப்படியோ வகுப்புக்குப் போய்விட்டது. விடைபெறும் நாளில் பிள்ளைகள் அவருக்கு "ஒறம்பரைத் தடுப்பூசி முகாம்" என்று ஒரு சிறு நாடகம் போட்டார்கள். மருத்துவராக நடித்தவர், "அப்புச்சி ஊட்டுல இருந்து வந்தா நாலு நாள், பெரியம்மா ஊட்டுல இருந்து வந்தா ஒரு வாரம் படுத்துமுங்க" என்று நோயை விளக்கினார் (அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா). ஆசிரியை எழுந்து, "நெம்ப சந்தோசமுங்க, நானும் உங்களுக்கெல்லாம் ஒறம்பரைதானுங்க" என்று அச்சு அசலாகக் கொங்குத் தமிழில் பதில் சொன்னதும் வகுப்பு அதிர்ந்தது. கேலிக்கு ஆளாகும் ஆசிரியருக்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் ஒதுக்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆய்வக உதவியாளர், இரவுக் காவலர், கூட்டிப் பெருக்கும் அக்கா ஆகியோரையும் அழைத்து உட்காரவையுங்கள். அமிலம் சிந்திய மேசையைத் துடைத்தவருக்கு இரண்டு வரி எழுதாமல் வேதியியல் ஆசிரியருக்கு இரண்டு பக்கம் எழுதினால் நன்றாக இருக்காது.

உயில் எழுதுவது எப்படி

நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். போகிற வகுப்பு, தான் ஆண்டு அனுபவித்த சொத்துகளைப் பதினோராம் வகுப்புக்கு எழுதிவைக்கிறது. இதைச் சாதாரணத் தமிழில் எழுதினால் சப்பென்று இருக்கும். பத்திர எழுத்தர் நடையில் எழுதினால், காடு தோட்டம் உள்ள வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளும், பாகப் பிரிவினைப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவர்களும் முதல் வரியிலேயே சிரிக்கத் தொடங்குவார்கள். யார் வீட்டிலாவது உள்ள பழைய பத்திர நகலை ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். முற்றுப்புள்ளியே இல்லாமல் ஓடும் அந்த ஓட்டம் பிடிபட்டுவிடும். கீழே ஒரு மாதிரி:

"மேற்படி பள்ளி பன்னிரண்டாம் வகுப்பு ஆ பிரிவில் இதுநாள் வரை குடியிருந்துவரும் நாங்கள் முப்பத்தெட்டுப் பேரும் ஒட்டுக்காகச் சேர்ந்து, எங்கள் சுயபுத்தியுடனும் முழு மனச்சம்மதத்துடனும், யாதொருவருடைய தூண்டுதலும் கட்டாயமும் இன்றி, பதினோராம் வகுப்பு ஆ பிரிவாருக்கு எழுதிவைத்த உயில் சாசனம் என்னவென்றால், எங்கள் காலத்துக்குப் பின் கீழ்க்கண்ட சொத்தினைத் தாங்களே அடைந்து, புத்திர பௌத்திர பாரம்பரியமாக, அதாவது அடுத்த பத்தாம் வகுப்பார் மேலேறி வரும் வரையில், சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.

சொத்து விவரமாவது: கரும்பலகைக்கு மேற்கு, பின்சுவருக்குக் கிழக்கு, ஜன்னலுக்குத் தெற்கு, கணக்கு ஆசிரியரின் பார்வையை மறைக்கும் தூணுக்கு வடக்கு, இந்த நான்கு எல்லைக்கு உட்பட்ட கடைசி பெஞ்சு ஒன்று. மேற்படி பெஞ்சில் காம்பஸால் செதுக்கப்பட்ட பெயர்களும், அடியில் ஒட்டியுள்ள சூயிங்கம் வகையறாக்களும் இதில் சேர்ந்தது. மேற்படி பெஞ்சிலிருந்து பின்வாசல் வழியாகக் குடிதண்ணீர்த் தொட்டிக்குப் போய்வர உள்ள மாமூல் தடப் பாத்தியமும் உண்டு. மேலே சுழலும் மின்விசிறியில் பொதுவில் சரிபாதி பாகமும், முன்பெஞ்சாரோடு முறைவைத்துக் காற்று வாங்கிக்கொள்ளும் உரிமையும் உண்டு. மேற்படி சொத்தின் பேரில் வில்லங்கம் ஏதும் இல்லை; பின்னிட்டு ஏதும் தோன்றினால் எங்கள் வகுப்பாசிரியரே முன்னின்று சொந்தச் செலவில் தீர்த்துக்கொடுக்க வேண்டியது."

இதன் அமைப்பைக் கவனித்தால் நீங்களே எழுதிவிடலாம். முதலில் எழுதிக்கொடுப்பவர் யார், பெறுபவர் யார், அடுத்து மனச்சம்மதம், பிறகு சொத்தும் அதன் நான்கு எல்லையும், பின் தடம், தண்ணீர், பொதுப் பாத்தியம், முடிவில் வில்லங்கம். எல்லைகளை எழுதும்போது உண்மையான திசையைப் பார்த்து எழுதுங்கள். கரும்பலகை கிழக்குச் சுவரில் இருந்தால்தான் பெஞ்சு அதற்கு மேற்கே வரும். திசை தப்பினால், சர்வேயர் வீட்டுப் பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறது, எழுந்து கேட்டுவிடும். மின்விசிறியைப் பொதுவில் பாதி என்று எழுதியது இந்த ஊர்க் கிணற்றை நினைத்து: நிலத்தை அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டாலும் கிணற்றைப் பிரிக்க முடியாமல், பொதுவில் வைத்து முறைபோட்டுத் தண்ணீர் இறைப்பார்கள். அந்த முறைச் சண்டையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, காற்றுக்கு முறை என்றவுடன் விளங்கிவிடும்.

பெஞ்சைத் தவிர வேறு என்ன எழுதலாம்? கையில் தொட முடிகிற பொருளும் தொட முடியாத பொருளும் கலந்திருக்கட்டும்: கைப்பிடி உடைந்த டஸ்டர், எட்டாம் பீரியடில் வரும் தூக்கம், ஆய்வகத்தில் அடி கருகிய சோதனைக் குழாய், மழை வந்தால் ஒழுகும் மூலை, உடற்கல்வி வகுப்பைத் திரும்பப் பெறும் வழக்கு. எட்டுச் சொத்துக்கு மேல் போனால் கேட்பவர்களுக்குச் சலிப்புத் தட்டும்.

பத்திரத்தாள் வாங்கிச் செலவு செய்யாதீர்கள். உண்மையான உயிலுக்கே முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும் என்பதே 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் நிபந்தனை. ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் பச்சைத் தாள் ஒன்று போதும், பார்வைக்குப் பத்திரம்போல இருக்கும். சாட்சிகளாக ஆய்வக உதவியாளரையும் இரவுக் காவலரையும் போடுங்கள். வாசிப்பவருக்கு மூச்சு நீளமாக இருக்க வேண்டும். பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவரைவிட, கோவிலில் நோம்பிச் சாட்டு, அதாவது திருவிழா அறிவிப்பைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர் நன்றாக வாசிப்பார்.

மொய் நோட்டு

ஆட்டோகிராஃப் நோட்டில் எல்லோரும் ஒரே வாழ்த்தைத்தான் எழுதுகிறார்கள். அதற்குப் பதிலாக, கல்யாண மண்டப வாசலில் வைப்பதுபோல ஒரு நீள நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, ஊர், பெயர், தொகை என்று மூன்று பத்தி கோடிடுங்கள். தொகை என்ற இடத்தில் பணத்துக்குப் பதிலாக, அந்தப் பக்கத்துக்கு உரியவரோடு நடந்த ஒரு சம்பவத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். "கொடுமுடி, காம்பஸ் ஒன்று, இன்னும் திரும்பவில்லை." "காங்கேயம், மழையன்று குடையில் பாதி." வெறும் வாழ்த்தாக இருந்தால் மொய் எழுதுபவர் வாங்கிக்கொள்ளக் கூடாது.

முப்பத்தெட்டுப் பேரும் மற்ற முப்பத்தேழு பேருக்கும் எழுதுவதென்றால் 1,406 வரி ஆகும். பரீட்சைக்குப் படிக்க நேரமிருக்காது. வருகைப் பதிவேட்டில் தன் எண்ணுக்கு அடுத்து வரும் பத்துப் பேருக்கு ஒவ்வொருவரும் கட்டாயம் எழுத வேண்டும், கடைசி எண்ணுக்குப் பின் முதல் எண்ணுக்குத் திரும்பி வர வேண்டும் என்று வைத்துவிட்டால், எல்லோருக்கும் சரியாகப் பத்து மொய் விழும். அதற்கு மேல் எழுதுவது அவரவர் விருப்பம். மொய் வைத்தவருக்குத் திரும்ப மொய் செய்ய வேண்டும் என்பது ஊர் வழக்கம் ஆதலால், அந்த விருப்பத்துக்கும் குறைவிருக்காது. விழாவன்று ஒருவர் மைக்கில், கல்யாணத்தில் வாசிக்கும் அதே தொனியில், ஆளுக்கு ஒரு வரி வீதம் தேர்ந்தெடுத்து வாசிக்கட்டும். பின்னர் ஒவ்வொரு பக்கத்தையும் உரியவருக்கு வெட்டிக் கொடுத்துவிடலாம்.

சட்டை, மை, சாப்பாடு

சட்டையில் கையெழுத்து வாங்குவதென்றால் பழைய சட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பரீட்சைக்குப் போட இன்னொன்று வேண்டும். சட்டைக்குள் கெட்டி அட்டையைச் செருகிக்கொண்டு, அழியாத மார்க்கரால் எழுத வேண்டும், இல்லையேல் மை முதுகுப் பக்கம் ஊறிவிடும். வகுப்புக்கென்று பனியன் அடிப்பதானால் திருப்பூர் பக்கம் யாராவது உறவினர் இருப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் போட வேண்டும் என்பதால் ஒரே நிறத்தில் அச்சிட்டால் செலவு குறையும். முன்பக்கம் எதுவும் வேண்டாம், முதுகில் முப்பத்தெட்டுப் பட்டங்களையும் வரிசையாக அச்சிடுங்கள்.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் மை தெளிப்பது, சாயப்பொடி வீசுவது, சட்டையைக் கிழிப்பது ஆகியவை வேண்டாம். தெளிபடுபவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை, அந்தக் கோலத்தில் பஸ்ஸில் வீட்டுக்குப் போக வேண்டியவரும் அவர்தான். உயிரோடிருக்கும் நண்பனுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பதும் கூடாது. உங்களுக்கு அது விளையாட்டு, வீட்டில் ஆத்தா பார்த்தால் அன்று அடுப்பு எரியாது.

சாப்பாட்டுக்கு டீயும் தேங்காய் பன்னும், முடிந்தால் யாராவது வீட்டிலிருந்து கச்சாயம் என்ற இனிப்புப் பலகாரமும் போதும். ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்காமல், வகுப்பாசிரியர் மேசையில் ஒரு மூடிய டப்பா வைத்து, போட முடிந்தவர் போடட்டும் என்று விட்டுவிடுங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியக்கூடாது.

அன்றைய வரிசை

முதலில் பட்டங்கள், பிறகு ஆசிரியர்கள், அதன்பின் மொய் வாசிப்பு, கடைசியில் உயில். பட்டங்களை வருகைப் பதிவேட்டு வரிசையில் அழைக்காமல் கலைத்து அழையுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் தன் எண் வரும்வரை பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். அன்று வராதவருடைய பட்டத்தையும் வாசித்துச் சீட்டை எடுத்துவைக்க வேண்டும். படம் எடுப்பது வகுப்பாசிரியரின் செல்பேசியில் மட்டும் இருக்கட்டும். மாணவிகளின் படத்தை அவர்களைக் கேட்காமல் யாரும் ஸ்டேட்டஸில் வைக்கக்கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வள்ளி கதையைப் பாடி வட்டமாக ஆடும் வள்ளிக் கும்மி பழகிய பிள்ளைகள் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். நேரம் மிஞ்சினால் மைதானத்தில் ஒரு வட்டம் கட்டி, ஆசிரியர்களையும் இழுத்துவிட்டு, பத்து நிமிடம் ஆடலாம். மிஞ்சாவிட்டால் விட்டுவிடுங்கள்.

உயில் வாசித்து முடித்ததும் பதினோராம் வகுப்புத் தலைவரை அழைத்து, சாட்சிகள் முன்னிலையில் "மேற்படி சொத்தைப் பார்வையிட்டு, குறைகளோடு பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அசல் வகுப்பாசிரியரின் பீரோவில் இருக்கட்டும், நகல் அடுத்த வகுப்புக்கு. பிறகு டீ டம்ளர்களை எண்ணிக் கடைக்காரரிடம் ஒப்படைத்து, தாளையெல்லாம் பெருக்கி, எழுதிக்கொடுத்த அந்தப் பெஞ்சை நான்கு பேர் தூக்கிப் பழைய இடத்தில், தூணுக்கு வடக்கே போட்டுவிட்டுக் கிளம்பினால், நான்கரை மணி டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும்.